டீ-சேர்ட்டில் ஒரு பெயர், நியமனக் கடிதத்தில் இன்னொரு பெயர்: ஒரு விற்பனைப் பிரதிநிதியின் வேலை மாற்றம்

இரண்டு தாள்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன்: நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதத்துப் பே ஷீட். தம்பி மூன்றாவதாக ஒன்றை உடுத்திக்கொண்டே வந்தார். உலகமெல்லாம் தெரிந்த ஒரு கம்பனியின் சின்னம் நெஞ்சில் பதித்த நீல டீ-சேர்ட். 2024 செப்டம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அன்று அவருக்கு லீவு. லீவு நாளிலும் அதைத்தான் போட்டிருந்தார் என்பதை நான் முதலில் குறித்துக்கொண்டேன்.

ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன். வயது இருபத்தொன்பது. ஊர் களுவாஞ்சிக்குடிக்குப் பக்கம். ஏ.எல். வர்த்தகப் பிரிவு. நாலு வருடம் இரண்டு மாதமாக ரெப். சவர்க்காரம், சலவைத்தூள், பற்பசை, ஷாம்பு. ஆரையம்பதி தொடங்கிக் காத்தான்குடி, கிரான்குளம், செட்டிபாளையம் என்று வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஐந்து நாள். ஆறாம் நாள் மண்முனைப் பாலத்தால் வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கு, கொக்கட்டிச்சோலைப் பக்கம். (2014 இல் அந்தப் பாலம் வருமுன் மோட்டார் சைக்கிளை, வாவியைக் கடக்கும் 'பாதை' என்ற மிதவையில் ஏற்றிக்கொண்டு அதே ரூட் போன ஆள் நான். அதனால்தான் இப்படிப்பட்ட தம்பிமார் என்னைத் தேடி வருகிறார்கள்.)

வந்த காரணம் இதுதான். நம் நாட்டிலேயே சேமியா, நூடில்ஸ், பிஸ்கட், மசாலாத்தூள் செய்யும் ஒரு கம்பனி அவரைக் கூப்பிட்டிருந்தது. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை அவர் பொறுப்பு. "டெரிட்டரி சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ்" என்று பதவிப் பெயர். மாதம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்று போனில் சொல்லியிருந்தார்கள். அவருக்கு இப்போது வருவது எல்லாமாக 77,500.

"காசு கூட அண்ணே. ஆனா பேர் இல்லாத கம்பனி. அம்மா வேணாம் எண்டுறா" என்றார்.

பேர் யாருடையது

நியமனக் கடிதத்தை விரித்தேன். தலைப்பில் மட்டக்களப்பில் உள்ள ஒரு ஏஜென்சியின் பெயர், திருகோணமலை வீதி விலாசம். கீழே முதலாளியின் கையெழுத்து. இரண்டு பக்கத்தையும் இரண்டு தரம் வாசித்தேன். டீ-சேர்ட்டில் இருந்த பெயர் அந்தக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. பே ஷீட்டிலும் அதே கதை. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுவது ஏஜென்சி, தொழில் தருநர் இலக்கமும் ஏஜென்சியுடையது.

இது மோசடி ஒன்றுமில்லை. பெரிய கம்பனிகளின் சாமான் மாவட்டங்களில் விநியோகஸ்தர் வழியாகத்தான் போகிறது. கடை கடையாக ஓடர் எடுக்கிற ரெப்மார் பெரும்பாலும் அந்த விநியோகஸ்தரின் ஆட்கள். டார்கெட் போடுவது கம்பனி, பயிற்சி கொடுப்பது கம்பனி, ஏசுவதும் கம்பனியின் ஏரியா மனேஜர். சம்பளம் மட்டும் ஏஜென்சி. தம்பிக்கு இது தெரியாமலில்லை. ஆனால் "எங்க வேலை செய்ற?" என்று கேட்டவர்களுக்கு நாலு வருடமாக அவர் ஏஜென்சியின் பெயரைச் சொன்னதில்லை. நானும் அந்த வயதில் சொன்னதில்லை.

"இப்ப விலகினா சேவைச் சான்றிதழ் ஆர் தருவாங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு டீ-சேர்ட்டைப் பார்த்தார்.

ஒன்றைச் சொல்லவேண்டும். பெயருக்குப் பெறுமதி இல்லை என்று நான் நினைப்பவனில்லை. கம்பனியே நேரடியாக எடுத்த வேலையாக இருந்திருந்தால் என் ஆலோசனை முழுக்க வேறு. கட்டாருக்கு விற்பனை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, கொழும்பில் அடுத்த நேர்முகத்துக்குப் போகும்போது, அப்படியொரு தாள் வாசலைத் திறக்கும். அந்தத் தாள் அவரிடம் இல்லை. நேரடியாக எடுக்கச் சொல்லி ஏரியா மனேஜரிடம் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "பார்ப்போம் தம்பி" என்ற பதில்தான் இரண்டு வருடமும்.

பேர் வேலை செய்கிற இடம்

ஆனாலும் அந்தப் பெயர் அவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு வேலை செய்து கொடுத்துக்கொண்டிருந்தது, அதை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. கடையில் காசு வாங்கிக்கொடுத்தது.

கடைக்காரரின் லாச்சியில் இருக்கிற காசு எல்லா ரெப்புக்கும் காணாது. யாருக்கு முதலில் கொடுப்பார்? யாருடைய சாமான் நின்றால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவாரோ அவருக்கு. பெரிய பெயர்ச் சவர்க்காரத்துக்கு ஒரு வாரக் கடன்தான், அதற்குமேல் தவறினால் அடுத்த லொறியில் சாமான் இறங்காது. கடைக்காரருக்கு அது தெரியும். பேர் தெரியாத சேமியாக்காரர் போனால், "அடுத்த கிழமை பாப்பம்". முப்பது நாள், நாற்பத்தைந்து நாள், அதுவும் பின்திகதியிட்ட செக். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரம் முழுக்க வியாபாரம் இந்தச் செக்கில்தான் ஓடுகிறது. செக் திரும்பினால் யார் தலையில்?

புதிய கம்பனியின் கடித வரைவில் அதற்கு விடை ஒரே வரியில் இருந்தது: அறவிட முடியாத கடன் விற்பனை உத்தியோகத்தரின் கொடுப்பனவுகளிலிருந்து கழிக்கப்படும். தம்பி சம்பளம் எழுதிய வரியைப் பார்த்துவிட்டு இந்த வரியைத் தாண்டியிருக்கிறார். எல்லோரும் தாண்டுவார்கள்.

அம்மா சொன்னதையும் சும்மா தள்ளக்கூடாது. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குப் போகும். வீட்டோடு பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையின் உத்தியோகத்தை நோண்டத்தான் செய்வார்கள். கவர்மெண்ட் உத்தியோகம் இல்லையென்றால் அடுத்தது தெரிந்த பெயர்க் கம்பனி. "ஊருல கேட்டா என்னத்தச் சொல்ற மனே?" என்பது அந்தத் தாயின் கேள்வி. இதற்கு ரூபாயில் விலை போட எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன். பெண் வீட்டார் பேரைக் கேட்பார்கள், லீசிங் கம்பனிக்காரன் பே ஷீட்டைக் கேட்பான்.

எனக்கும் ஒரு கதை உண்டு. பெரிய பெயர் அச்சடித்த விசிட்டிங் காட்டோடு நான் திரிந்த காலத்தில் ஒரு வங்கி மனேஜர் என்னைக் கண்டால் எழும்பி நின்று கை கொடுப்பார். வேலையை விட்ட மூன்றாம் மாதம் அதே ஆள், டோக்கன் எடுத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். கோபம் வரவில்லை. அவர் எழும்பியது எனக்கல்ல என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது.

ஒரு லட்சத்துப் பத்தாயிரம் எப்படிச் சுருங்கியது

பின்னேரம் முழுக்க இதற்குத்தான் போனது. ஒரு கொப்பித்தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தோம்.

பழைய வேலை: அடிப்படைச் சம்பளம் 40,000, வருகைப்படி 5,000, கடைசி ஒரு வருட இன்சென்டிவின் சராசரி 17,500, எரிபொருள் படி 15,000. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் ஓட்டம். பெட்ரோல் லீற்றர் ஏறத்தாழ முந்நூறு என்று வைத்துக்கொண்டோம். மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு நாற்பது ஓடும் என்று வைத்தால் மாதம் 10,000 பெட்ரோலுக்கு, 2,500 ஒயில், டயர், சேர்விஸுக்கு. படியில் 2,500 கையில் மிஞ்சும். ஊழியர் பங்கு ஈபிஎஃப் 8 வீதம், அதாவது 3,200 கழிந்தால், உண்மையாக வீட்டுக்கு வருவது 61,800.

புதிய வேலை: அடிப்படை 35,000. ஆம், பழையதைவிடக் குறைவு. நிலையான விற்பனைப் படி 20,000, பயணப்படி 25,000, டார்கெட் நூறு வீதம் அடித்தால் கொமிஷன் 30,000. எண்பதிலிருந்து நூறுக்குள் என்றால் பாதி. எண்பதுக்குக் கீழே ஒன்றுமில்லை.

பயணப்படியைப் பார்த்துத்தான் அவர் அதிகம் சந்தோசப்பட்டிருந்தார். ரூட்டைக் கீறிப் பார்த்தோம். திங்கள் கல்முனை, செவ்வாய் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். புதன் சம்மாந்துறை. வியாழன் அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. வெள்ளி தம்பிலுவில், திருக்கோவில், ஏனென்றால் ஜும்மா நேரம் மற்ற ஊர்களில் கடை பூட்டு. சனி பொத்துவில், போக மட்டும் எண்பது கிலோமீற்றருக்கு மேல். சராசரி ஒரு நாளைக்குத் தொண்ணூற்றைந்து. பெட்ரோலுக்கு 18,500, வண்டித் தேய்மானத்துக்கு 4,500 போனால் 25,000 இல் மிஞ்சுவது 2,000. பழைய 15,000 மிச்சம் வைத்ததைவிடக் குறைவு!

ஆக, ஈபிஎஃப் கழித்து நிச்சயமான தொகை 54,200. முழு டார்கெட் என்றால் 84,200, பாதி என்றால் 69,200. போனில் கேட்டபோது 32,500 ரூபாய் வித்தியாசம். கொப்பித்தாளில் அது முழுக் கொமிஷன் மாதத்தில் 22,400, பாதிக் கொமிஷன் மாதத்தில் 7,400, கொமிஷன் இல்லாத மாதத்தில் 7,600 நட்டம். வருமான வரி எல்லை அப்போது மாதம் ஒரு லட்சம், 2025 ஏப்ரலில்தான் ஒன்றரை லட்சமானது. முழுக் கொமிஷன் மாதத்தில் சில நூறு ரூபாய் வெட்டலாம். அதை விட்டுவிட்டோம்.

கண்ணுக்குத் தெரியாத பக்கம் இன்னும் உண்டு. தொழில் தருநர் ஈபிஎஃப்புக்கு 12 வீதம், ஈடிஎஃப் எனும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் கட்டவேண்டும். அடிப்படை 40,000 இலிருந்து 35,000 ஆனால் அந்தக் கட்டணம் 6,000 இலிருந்து 5,250 ஆகிவிடும். சட்டப்படி கொமிஷனும் ஈபிஎஃப் கணக்கில் சேரவேண்டிய வருமானம். இரண்டு இடத்திலும் சேர்க்கவில்லை, "இன்சென்டிவ்" என்று பெயர் வைத்துத் தள்ளிவிடுகிறார்கள். அடிப்படையைக் குறைத்துப் படியைக் கூட்டுவதன் சூட்சுமமும் இதுதான்.

பெரிய அடி பணிக்கொடையில் இருந்தது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, மாதச் சம்பளக்காரரென்றால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், கடைசியாகப் பெற்ற சம்பளத்தின்படி. ஏஜென்சியில் ரெப், சாரதி, உதவியாள், ஸ்டோர், ஒபிஸ் என்று எண்ணினால் இருபத்தொரு பேர். தம்பிக்கு நாலு வருடம் இரண்டு மாதம். இன்னும் பத்து மாதம் இருந்தால் 20,000 ஐந்து தரம், ஒரு லட்சம் ரூபாய். இப்போது எழும்பினால் ஒரு சதமும் இல்லை. பாதிக் கொமிஷன் வித்தியாசத்தில் அந்த ஒரு லட்சத்தை ஈடுகட்ட பதின்மூன்று மாதத்துக்கு மேலாகும்.

அவர் இதைக் கேள்விப்பட்டதே அன்றைக்குத்தான்.

எனக்குத் தோன்றியது

கணக்கை மட்டும் பார்த்தால் "பத்து மாதம் பொறு" என்பதுதான் பதில். நான் அதைச் சொல்லத் தயங்கினேன். காரணம் காசல்ல, தொழில்.

தானாக விற்கிற சாமானுக்கு ஓடர் எழுதுவது ஒரு வேலை. விற்காத சாமானை இறாக்கையில் ஏற்றி, அது போகிறதா என்று பார்த்து, போகாவிட்டால் மாற்றிக்கொடுத்து, கடன் அறவிடுவது இன்னொரு வேலை. நாலு வருடமாக அவர் முதலாவதைத்தான் செய்தார். நாற்பது வயதிலும் அதையே செய்துகொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். டீ-சேர்ட் மட்டும் புதிதாகிக்கொண்டு வரும்.

உள்ளூர்க் கம்பனிகளையும் குறைவாக மதிக்கத் தேவையில்லை. 2022 இல் டொலர் இருநூறு சொச்சத்திலிருந்து சில வாரங்களிலேயே முந்நூற்றறுபதை ஒட்டிப் போனது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியில் பணவீக்கம் செப்டம்பரில் 69.8 வீதம் வரை ஏறியது. இறக்குமதிச் சாமான் தட்டுப்பட்ட அந்த நேரம் கடை இறாக்கைகளில் நம் நாட்டுச் சாமானுக்கு இடம் கிடைத்தது. பிடித்த இடத்தை விடாமல் இருக்கத்தான் இப்படி ஆள் பிடிக்கிறார்கள்.

ஆகவே நான் சொன்னது: போவதென்றால் மூன்று விசயத்தைப் பேசிவிட்டுப் போ. படியில் ஒரு பங்கை அடிப்படைச் சம்பளத்துக்குள் கொண்டுவா. கடனைப் பற்றிய வசனத்தை மாற்று. சேரும் திகதியைத் தள்ளு. பேசும்போது "ஐயா, பார்த்துச் செய்யுங்க" என்று கேட்காதே, கொப்பித்தாளைக் கொண்டுபோய்க் காட்டு என்றும் சொன்னேன்.

மூன்றில் ஒன்றரை கிடைத்தது. அடிப்படை 48,000 ஆனது, விற்பனைப் படி 7,000 ஆகக் குறைந்தது. கூட்டுத்தொகை அதேதான், ஆனால் ஈபிஎஃப், ஈடிஎஃப் கட்டணம் 7,200 ஆனது. பணிக்கொடை என்று ஒரு நாள் வந்தால் அதுவும் 48,000 இல்தான் கணக்காகும். கடனைப் பற்றிய வசனத்தை எடுக்க மறுத்துவிட்டார்கள். மனேஜர் கையெழுத்திட்ட பட்டியலில் உள்ள கடைகளுக்கு, அதில் குறித்த எல்லைக்குள் கொடுத்த கடன் என்றால் ரெப் பொறுப்பில்லை என்று ஒரு வசனம் சேர்த்தார்கள். திகதி தள்ளவில்லை: ஒக்டோபருக்கு வா, இல்லையென்றால் வேறு ஆள்.

போனார். ஒரு லட்சம் ரூபாயை விட்டுவிட்டுத்தான் போனார்.

பன்னிரண்டு மாதம்

ஒக்டோபரில் கொமிஷன் இல்லை. நவம்பர் கடைசி வாரம் வெள்ளம், கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் வீதி எது வயல் எது என்று தெரியாத நாட்கள். கொமிஷன் இல்லை. டிசம்பரிலும் இல்லை. அந்த மூன்று மாதமும் எனக்குப் போன் எடுக்கவில்லை.

ஜனவரியில் அக்கரைப்பற்றில் ஒரு மொத்த வியாபாரியிடம் அவரோடு நானும் போனேன், பார்க்கவேண்டும் போலிருந்தது. முதலாளி தராசுக்குப் பின்னால் இருந்து சொன்னார்: "தம்பி, அவங்கட சவர்க்காரத்த நான் விக்கல்ல, அது தானாப் போகுது. உங்கட சேமியாவ நான் கையில எடுத்துக் குடுத்தாத்தான் போகும். அப்ப எனக்கு நாப்பத்தஞ்சு நாள் வேணும்." தம்பி வாதாடவில்லை. "காக்கா, நோம்புக்கு எத்தன பெட்டி போகும் எண்டு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். முதலாளி யோசித்து ஒரு எண்ணைச் சொன்னார். அதில் பாதியை ரொக்கத்துக்கு, மீதியை முப்பது நாளுக்கு என்று முடித்துவிட்டார். டீ-சேர்ட் காலத்தில் அவருக்கு இப்படிக் கேட்கத் தேவையே வந்திராது.

ஜனவரி, பெப்ரவரி பாதிக் கொமிஷன். மார்ச் நோன்பு மாதம், பெரும்போக அறுவடைக் காசும் ஊரில் புழங்கியது. முழுக் கொமிஷன். ஏப்ரல் சித்திரைக்கு மறுபடி முழுக் கொமிஷன், அதற்குள் ஒரு முள் இருந்தது. மே, ஜூன் பூச்சியம். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை பாதி.

அந்த முள்: ஏப்ரலில் டார்கெட்டுக்குக் கொஞ்சம் குறைந்தது. பொத்துவிலில் ஒரு கடைக்குப் பட்டியலில் குறித்த எல்லை 20,000. சுற்றுலாக் காலம் தொடங்குது என்று கடைக்காரர் கேட்க, இவர் 38,000 க்குச் சாமான் இறக்கினார். டார்கெட் நூறைத் தொட்டது. ஜூனில் செக் திரும்பியது, கடையும் கைமாறிவிட்டது. பேசிச் சேர்த்த வசனம் 20,000 ஐக் காப்பாற்றியது. எல்லை தாண்டிய 18,000 அவர் கணக்கில், நாலு மாதத் தவணையில் 4,500 படி. அந்தச் சாமானை இறக்காமல் இருந்திருந்தால் ஏப்ரலில் இழந்திருக்கக் கூடியது 15,000. பதினையாயிரத்தைப் பிடிக்கப்போய்ப் பதினெட்டாயிரம் கட்டினார். இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார், கொஞ்சக் காலத்துக்குப் பிறகு.

வருடக் கொமிஷன் 135,000. மாதச் சராசரி 11,250. அடிப்படை கூடியதால் ஈபிஎஃப்புக்கு 3,840 கழிந்து நிச்சயத் தொகை 53,160 ஆகியிருந்தது. அதனுடன் சேர்த்தால் 64,410. பழைய இடத்தைவிட மாதம் 2,610 கூட, வருடத்துக்கு 31,320. திரும்பிய செக்குக்குக் கட்டியதைக் கழித்தால் 13,320 ரூபாய். அதுதான் ஒரு வருட லாபம். எதிர்ப்பக்கத்தில் விட்டுவந்த ஒரு லட்சம்.

இதற்கிடையில் பழைய ஏஜென்சியிடமிருந்து பெரிய கம்பனி விநியோக உரிமையை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. ஆறு ரெப்பில் நாலு பேரைப் புதியவர் சேர்த்துக்கொண்டார். புதுக் கடிதம், ஆறு மாதத் தகுதிகாண் காலம், சேவைக்காலம் முதலிலிருந்து. ஐந்து வருடம் தாண்டியவர்கள் பணிக்கொடைக்காகத் தொழில் அலுவலகப் படியேறி, தவணை தவணையாக வாங்கினார்கள். டீ-சேர்ட் அதேதான், நீலம்.

இதைக் கேட்டு "பாத்தீங்களா அண்ணே, நான் செய்தது சரி" என்றார் தம்பி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏஜென்சி கைமாறும் என்று 2024 இல் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது அதிர்ஷ்டம், கணக்கல்ல. இருந்திருந்தால் ஒரு லட்சமும் கையில் இருக்கும், புதுக் கடிதமும் இருக்கும். அவர் உண்மையில் பெற்றது வேறு: கம்பனியே தந்த நியமனக் கடிதம், கடன் அறவிடத் தெரிந்த கை, ஆறு ஊர் முதலாளிமாரின் போன் இலக்கம். அதன் விலை இந்த வருடப் பே ஷீட்டில் தெரியாது.

கல்யாணம் முற்றாகிவிட்டது. பெண்ணின் மாமா எந்தக் கம்பனி என்று கேட்டாராம். பிஸ்கட் பெயரைச் சொன்னதும், உள்ளே இருந்த சின்னப் பிள்ளை ஓடிப்போய் ஒரு பக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து காட்டியதாம். பெண் வீடு செட்டிபாளையம். அங்கிருந்து பொத்துவில் இன்னும் தூரம் என்பதால் சனிக்கிழமை ரூட்டை மாற்றித் தரும்படி மனேஜருக்கு எழுதியிருக்கிறார். பதில் வரவில்லை.